“நீ எந்த ஊரு?” - கல்லூரியில் இந்தக் கேள்விக்கு சிலர் மட்டும் ஏன் தயங்குகிறார்கள்?

கல்லூரியில் முதல் நாள். பக்கத்து இருக்கையில் புதிய முகம். பேச்சு எங்கே ஆரம்பிக்கும்? “உன் பேர் என்ன?” அடுத்து, “நீ எந்த ஊரு?” ரொம்ப சாதாரணமான கேள்விதான். பெரும்பாலும் நட்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால், சில நேரம் கேள்வி அதோடு நிற்காது. “ஊர்ல எந்தத் தெரு?”, “அப்பா என்ன பண்றாரு?”, “உங்க குலதெய்வம் எது?” என்று நீளும். கேட்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது கேட்கப்படுபவருக்குப் புரிந்துவிடும். பதில் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் கல்லூரிகளில் சாதி, மொழி, நிறம், பாலினம், உடற்குறை, வீட்டின் வசதி என எத்தனையோ வேறுபாடுகளோடு மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிகிறதா? பேசினால் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விகளைப் பேச திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். ஏன் என்று பார்க்கலாம்.

ஊரே மாநிலம் மாறிய கதை

திருத்தணி என்றதும் நமக்கு முருகன் கோயிலும், ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளும், ஆடிக் கிருத்திகை காவடிகளும் நினைவுக்கு வரும். அந்தக் காவடிக் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். மலையேறும் வரிசையில் யாரும் யாரையும் மொழி கேட்டுப் பிரிப்பதில்லை.

‘நீங்கள் எந்த மாநிலம்?’ என்ற கேள்விக்கு இந்த ஊரின் பதிலே ஒருமுறை மாறியிருக்கிறது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் தலைமையிலான சமரசப் பேச்சு, 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் என்று நீண்ட பயணத்துக்குப் பின், 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று செங்கல்பட்டு மாவட்டம். இன்று திருவள்ளூர் மாவட்டம்.

கோடு மாறினாலும் குடும்பங்கள் மாறவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். நகரியிலும் புத்தூரிலும் இதற்கு நேரெதிராகத் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. பெண் கொடுத்து, பெண் எடுத்து, எல்லை தாண்டி உறவு வைத்திருப்பவர்கள் இவர்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் மின்சார ரயில் ஏறி அரக்கோணம், திருவள்ளூர், சென்னை என்று கல்லூரிகளுக்குப் போகிறார்கள். இங்கே இயல்பாக இருந்த இரு மொழிப் பேச்சு, அங்கே போனதும் சில நேரம் கேலிப்பொருளாகிவிடுகிறது. ‘கொல்ட்டி’ என்ற சொல்லை நண்பர்கள் வட்டத்தில் விளையாட்டாகச் சொல்வதாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்பவருக்கு அது ஜோக். தினமும் கேட்பவருக்கு, வாயைத் திறப்பதற்கு முன்பு இரண்டு முறை யோசிக்க வைக்கும் சொல்.

பேராசிரியரோடு வாதாடிய திருத்தணிப் பையன்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி இதே திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பிறகு நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவரது பிறந்தநாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். இது எல்லோருக்கும் தெரிந்தது. அவரது கல்லூரி நாள்களில் நடந்த ஒரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

உதவித்தொகையில் படித்த அந்த மாணவர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற விமர்சனம் அப்போது அங்கே பலமாக ஒலித்தது. அந்த விமர்சனம் அவரைக் காயப்படுத்தியது. கூடவே யோசிக்கவும் வைத்தது. 1908-ல் தனது எம்.ஏ. ஆய்வேட்டையே அதற்குப் பதிலாக எழுதினார். அங்கே அவருக்குத் தத்துவம் கற்றுக்கொடுத்தவர் ஏ.ஜி.ஹாக். கிறிஸ்தவ இறையியலாளர். மாணவரின் கருத்தோடு உடன்படாதவர். ஆனாலும் ஆய்வேட்டைப் பாராட்டினார்.

ஒரு கல்லூரியில் மாறுபட்ட நம்பிக்கைகள் மோதும்போது என்ன நடக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆசிரியரை மாணவர் மறுத்தார். ஆசிரியர் மதிப்பெண்ணில் கைவைக்கவில்லை.

ஆனால், இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாக இருக்கும். வாதாடுவதற்கு முதலில், ‘நான் யார்’ என்று சொல்லும் தைரியம் வேண்டும். அந்த வசதி அந்தக் காலத்தில் எல்லா மாணவர்களுக்கும் இருக்கவில்லை.

மணி அடித்த பிறகு வகுப்புக்குப் போன மாணவர்

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ராதாகிருஷ்ணனுக்கு ஒரு தலைமுறை முன்பு படித்தவர். பிற்காலத்தில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்று ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசியவர். தனது மாணவப் பருவத்தைப் பற்றி அவர் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கல்வி நிலையத்தில் சுமார் 400 பிள்ளைகள். அதில் 10 பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள்.

மற்ற பிள்ளைகளோடு பழகினால் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் என்று விசாரிப்பார்கள். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்தார். அதனால் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். கூட விளையாட முடியவில்லையே என்ற வருத்தம் மட்டும் அவருக்குள் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த மாணவரை வகுப்பில் யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. “நீ எந்த ஊரு, எந்த இடம்?” என்ற ஒரு கேள்வி வந்துவிடுமோ என்ற பயமே அவரது மாலை நேரங்களைப் பறித்துக்கொண்டது.

படித்து முடித்தால் இது மாறிவிடுமா? வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், 1918-ல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான குடத்தில் அவர் தண்ணீர் குடிப்பதை உடன் பணிபுரிந்தவர்கள் எதிர்த்தார்கள்.

அடுத்த ஊர் அரக்கோணத்தில்...

‘இதெல்லாம் அந்தக் காலம்’ என்று சொல்லலாம். நம் காலத்துக்கு வருவோம்.

கிரேஸ் பானு, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை. அவர் சேர்ந்து படித்த கல்லூரி, திருத்தணிக்குப் பக்கத்தில் உள்ள அரக்கோணத்தில்தான் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அவர், தான் பள்ளியில் பட்ட பாட்டைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் வந்த பிறகு அவர் வர வேண்டும். அவர்கள் கிளம்பும் முன்பு அவர் போய்விட வேண்டும். அவரோடு பேசக் கூடாது என்று மற்ற பிள்ளைகளுக்கு உத்தரவு.

இரட்டைமலை சீனிவாசன் பயந்து தானாகச் செய்ததை, ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு குழந்தைக்குப் பள்ளியே விதியாக்கியிருக்கிறது!

இன்னும் சில பெயர்களை நாம் மறக்க முடியாது. 2016 ஜனவரி 17-ல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா, 2019 மே 22-ல் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பாயல் தத்வி... இருவரின் தாய்மார்களும் சேர்ந்து 2019-ல் உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். கல்வி வளாகங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் ஏட்டில் மட்டும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் கோரிக்கை.

தமிழகத்தில், 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவரது தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகக் கைதானவர்களில் உடன் படித்த மாணவர்களும் உண்டு. அதன்பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை உட்பட பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. அன்று பள்ளியில் கயிறு கட்டிய கைதான், இரண்டு வருடம் கழித்து கல்லூரி அடையாள அட்டையைப் பிடிக்கிறது.

பேசினால் தடை, பேசாவிட்டால்?

சரி, மாணவர்கள் இதையெல்லாம் தங்களுக்குள் விவாதித்தால் என்ன? அதற்கும் சென்னையில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014 ஏப்ரல் 14-ல், அம்பேத்கர் பிறந்தநாளன்று, ‘அம்பேத்கர் பெரியார் ஸ்டடி சர்க்கிள்’ என்ற மாணவர் வட்டம் ஆரம்பமானது. கூட்டம் போடுவது, துண்டறிக்கை கொடுப்பது, சாதி பற்றியும் மொழி பற்றியும் அரசின் கொள்கைகள் பற்றியும் விவாதிப்பது என்று இயங்கினார்கள். பெயர் இல்லாத ஒரு புகார்க் கடிதம் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. 2015 மே மாதம் அந்த அமைப்பின் அங்கீகாரத்தை நிர்வாகம் நிறுத்தி வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 7-ம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

அந்த மாணவர்களின் கருத்தோடு நீங்கள் உடன்படலாம், உடன்படாமல் போகலாம். ஆனால், அரங்கில் வெளிப்படையாகப் பேசாத விஷயம் காணாமல் போய்விடுவதில்லை. அது வாட்ஸ்அப் குரூப்பில் மீம் ஆகும், ஸ்டேட்டஸில் சாதிப் பெருமைப் பாட்டாகும், பைக்கில் ஸ்டிக்கராகும், கழிவறைச் சுவரில் எழுத்தாகும். அங்கெல்லாம் பதில் சொல்ல யாருக்கும் இடமில்லை. வகுப்பறையில் என்றால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கலாம். ஆசிரியர் நடுவில் இருப்பார்.

2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படம் கல்லூரி மாணவர்களை ஏன் அவ்வளவு பேச வைத்தது? வகுப்பில் பேச முடியாததை அது திரையில் பேசியது.

விதிகள் என்ன சொல்கின்றன?

பல மாணவர்களுக்கு, ஏன் பல பேராசிரியர்களுக்கும் தெரியாத விஷயம் இது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., 2012-லேயே உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்துக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி,

* வகுப்பில் மாணவர்களின் சாதி, பழங்குடி, மதம், பகுதியின் பெயரை அறிவிக்கக் கூடாது.
* ‘ரிசர்வ்டு கோட்டா’ என்று முத்திரை குத்திப் பேசக் கூடாது.
* ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு, வேலை கொடுக்காமல் சும்மா நிற்க வைக்கக் கூடாது.
* தனி இருக்கை ஒதுக்கக் கூடாது. கேன்டீன், நூலகம், விளையாட்டு எதிலும் பிரித்து நடத்தக் கூடாது.
* ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும்.

“ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்று வகுப்பில் சொல்லும் பழக்கம் இன்றும் ஆங்காங்கே இருக்கிறது. சொல்பவருக்கு அது ஃபார்ம் நிரப்பும் அவசரம். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, 60 ஜோடிக் கண்களுக்கு முன்னால் சாதிச் சான்றிதழைத் தூக்கிக் காட்டுவது போல! அதே வேலையை அலுவலகத்தில் தனித்தனியாக அழைத்தும் முடிக்கலாம்.

அடுத்தது ராகிங். ராகிங் என்றால் சீனியர் சல்யூட் அடிக்கச் சொல்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். 2016-ல் திருத்தப்பட்ட யு.ஜி.சி. விதிப்படி நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், மொழி அடையாளம், பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான். ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று ஒருவரைத் துரத்தித் துரத்திக் கேலி செய்வதும், பேச்சு வழக்கைக் கிண்டலடிப்பதும் இதற்குள் வந்துவிடும்.

2012 விதிகளுக்குப் பதிலாக, கண்காணிப்பை இறுக்கி 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய விதிகளை வெளியிட்டது. ஆதரவும் எதிர்ப்பும் பலமாக எழுந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜனவரி 29-ம் தேதி புதிய விதிகளை நிறுத்தி வைத்த நீதிமன்றம், 2012 விதிகளே தொடரும் என்றது.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. கடல் தாண்டியும் போயிருக்கிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-லும், கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022-லும் தங்கள் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் ‘சாதி’யைச் சேர்த்தன. விசா எடுத்துப் போகும்போது பெட்டியோடு இதையும் சிலர் எடுத்துப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சிக்கல் வந்தால் என்ன செய்யலாம்?

முதலில், நடந்ததைத் தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். மெசேஜ் என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் டெலிட் செய்துவிட வேண்டாம்.

அடுத்து, நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடம் சொல்லுங்கள். கல்லூரியின் பாகுபாடு தடுப்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். சாதி சொல்லி இழிவுபடுத்தினால், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அந்த வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

மனம் ரொம்பச் சோர்ந்துபோனால் 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கேள்வி கல்லூரியில் பிறப்பதில்லை. பெரும்பாலும் வீட்டில்தான் பிறக்கிறது. பிள்ளை புது ஃப்ரெண்டை வீட்டுக்கு அழைத்து வருவான். டீ கொடுத்து அனுப்பியதும், “யாருடா அந்தப் பையன்? என்ன ஆளுங்க?” என்று கேட்போம். அடுத்த நாள் கல்லூரியில் அதே கேள்வியை நம் பிள்ளை சுற்றி வளைத்துக் கேட்பான். “நல்லாப் படிக்கிறானா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டுப் பாருங்கள். நமக்குத் தெரிய வேண்டிய விஷயமும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆசிரியர்கள் இந்த விவாதத்தை வகுப்புக்குக் கொண்டுவர நினைத்தால், ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்கலாம். “உனக்கு நடந்த அவமானத்தைச் சொல்லு” என்று யாரையும் எழுப்பிவிட வேண்டாம். பாதிக்கப்பட்டவர் வகுப்புக்குப் பாடம் எடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. ஒரு படம், ஒரு சட்டப்பிரிவு, ஒரு செய்தி என்று பொதுவான ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், சொல்ல விரும்புபவர் தானாகச் சொல்வார். விரும்பாதவர் தலை குனிய வேண்டியதில்லை.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். இந்திய அளவில் அது 28.4 சதவிகிதம்தான். அதாவது, வேறு பல மாநிலங்களில் கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டுப் பிள்ளைகள் இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கல் சூளையிலிருந்து, விசைத்தறியிலிருந்து, எல்லையோரக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருகிறார்கள். அவர்களை வகுப்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. மாலை மணி அடித்ததும், பயந்து வேகமாக நடக்காமல், நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே ரயில் நிலையம் வரை நடக்க வைப்பது இனி பக்கத்து இருக்கையில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து இருக்கையில் யார் இருக்கிறார்கள்?